வேலையால் வந்த மனக்காயத்துக்கு உதவி நாய்: இழப்பீட்டில் கேட்கலாமா? ஆஸ்திரேலியத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

சிட்னியில் காயப்பட்ட வேலையாட்களுக்குப் படிவம் நிரப்ப உதவி செய்து வருகிறேன். முதுகுவலிக்கு பிசியோ கேட்க யாருக்கும் கூச்சம் இல்லை. மனக்காயம் என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் குரல் இறங்கிவிடும். "டாக்டர் நாய் வாங்கச் சொல்றார், இதையெல்லாம் இன்ஷூரன்ஸில் கேட்டால் சிரிப்பாங்களே" என்று தயங்குகிறார்கள். யாரும் சிரிக்க வேண்டியதில்லை. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தையும், மத்திய அரசு ஊழியர்களுக்கான காம்கேர் திட்டத்தையும் வைத்து எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் சட்டத்தின் பெயரும் சொற்களும் மாறும்.

உதவி நாய்க்கும் வீட்டில் வளர்க்கிற நாய்க்கும் என்ன வித்தியாசம்?

எந்த நாயும் மனதுக்கு ஆறுதல்தான். உதவி நாய்க்கு அதற்கு மேல் குறிப்பிட்ட வேலைகள் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கும்.

துங்காபியில் ஒருவர் வீட்டுச் சமையலறையில் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் ரயில் ஓட்டியவர். பணியில் இருந்தபோது தண்டவாளத்தில் ஒரு மரணத்தைக் கண்ணெதிரே பார்த்தவர். பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய், என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மேசையில் படிவங்களைப் பரப்பிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். தூரத்தில் ரயில் ஹாரன் கேட்டது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் மேசைக்கடியில் அவருடைய வலது கால் ஆடத் தொடங்கியது, அது அவருக்கே தெரியவில்லை. மூலையில் படுத்திருந்த கறுப்பு லாப்ரடார் எழுந்து வந்து அந்த முழங்காலில் தாடையை வைத்து அழுத்தியது. கால் நிற்கவில்லை. மூக்கால் அவர் கையைத் தூக்கியது. அவர் கை தானாக அதன் காதுக்குப் பின்னால் போனது. ஒரு நிமிடம் போல ஆகியிருக்கும், கால் அடங்கியது. அப்புறம்தான் அவர், "எங்கே விட்டேன்?" என்று கேட்டார்.

இதுதான் பயிற்சி. கெட்ட கனவில் துடிக்கும்போது எழுப்புவது, நெஞ்சிலோ மடியிலோ படுத்து உடல் எடையால் அழுத்தம் கொடுப்பது, கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் ஆள் நெருங்காதபடி குறுக்கே நிற்பது, பதற்றம் கூடினால் வெளிவாசலுக்கு இழுத்துப் போவது, மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது என்று ஆளுக்குத் தக்கபடி கற்றுக்கொடுப்பார்கள்.

ஆஸ்திரேலியாவின் ஊனமுற்றோர் பாகுபாடு தடைச் சட்டம், 1992, பிரிவு 9 இதற்கு விளக்கம் தருகிறது. மாநிலச் சட்டத்தின்படியோ, விதிகளில் குறிப்பிட்ட பயிற்சி நிறுவனத்தாலோ அங்கீகாரம் பெற்ற விலங்கு, அல்லது ஊனத்தின் பாதிப்பைக் குறைக்கவும் பொது இடத்துக்கு ஏற்ற சுத்தத்தோடும் ஒழுங்கோடும் நடக்கவும் பயிற்றப்பட்ட விலங்கு என்கிறது. ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் நாய் இதில் வராது. ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் வந்து போகிற தெரபி நாய் பலருக்குப் பொதுவானது. உதவி நாய் ஒருவருக்கே உரியது.

சரி, நாயைச் "சிகிச்சை" என்று சட்டம் ஒத்துக்கொள்ளுமா?

சட்டத்தில் "நாய்" என்ற சொல்லைத் தேடாதீர்கள். "சிகிச்சை" என்ற சொல் எவ்வளவு அகலமானது என்று பாருங்கள்.

மத்திய அரசு ஊழியர் என்றால் 1988ஆம் ஆண்டின் பாதுகாப்பு, மறுவாழ்வு, இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். பிரிவு 16, காயம் தொடர்பாகப் பெறுவதற்கு நியாயமான மருத்துவச் சிகிச்சையின் செலவைக் கொடுக்கச் சொல்கிறது. மருத்துவச் சிகிச்சை என்பதில், டாக்டரின் அறிவுறுத்தலின்படி பெறும் குணமூட்டும் சிகிச்சையும் அடங்கும். பிரிவு 4இன் விளக்கப்படி, காயத்தைத் தணிப்பதற்காகச் செய்வதும் அதில் சேரும். முழுதாகக் குணமாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தணித்தாலே போதும். உங்கள் வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் நிற்கும்.

இன்னொரு வழி பிரிவு 39. அது வீட்டு மாற்றங்கள், வாகன மாற்றங்கள், உதவிச் சாதனங்கள் பற்றியது. மூச்சு விடுகிற ஒரு பிராணியைச் சாதனம் என்று அழைக்கலாமா என்ற சண்டை அங்கே வரும். மறுவாழ்வுத் திட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும் சில நிபந்தனைகளும் அதில் உண்டு. என்னைக் கேட்டால் பிரிவு 16ஐ முதலில் வைத்து, 39ஐ மாற்று வழியாக எழுதச் சொல்வேன்.

நியூ சவுத் வேல்ஸில் 1987ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். பிரிவு 60, காயத்தின் விளைவாக நியாயமாகத் தேவைப்படும் மருத்துவ அல்லது அது சார்ந்த சிகிச்சைக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறது. பிரிவு 59 எவையெல்லாம் சிகிச்சை என்று அடுக்குகிறது. டாக்டர் அறிவுறுத்தலின்படி தரப்படும் குணமூட்டும் சிகிச்சை அதில் உண்டு, ஊன்றுகோல், செயற்கை உறுப்பு, "பிற செயற்கை உதவிகள்" என்பவையும் உண்டு. "செயற்கை உதவி" என்பதை நீதிமன்றங்கள் குறுக்கிப் படிப்பதில்லை. 2018இல் பால்டக்கினோ வழக்கில், உடலுக்குள் பொருத்தும் முழங்கால் மூட்டும் செயற்கை உதவிதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் நாயும் தானாக உள்ளே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாதாட இடம் இருக்கிறது.

"நியாயமாகத் தேவை" என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நியூ சவுத் வேல்ஸில் 1986இன் ரோஸ் வழக்கிலிருந்து வந்து, 2014இன் டியாப் வழக்கில் மீண்டும் விளக்கப்பட்ட ஐந்து கேள்விகள் உண்டு. இந்தச் சிகிச்சை இந்தக் காயத்துக்குப் பொருத்தமா? வேறு சிகிச்சை இருக்கிறதா, அது எவ்வளவு பலன் தரும்? செலவு என்ன? பலன் தந்திருக்கிறதா, அல்லது தரக்கூடுமா? மருத்துவர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்களா? இவை வழிகாட்டிகள்தாம். ஐந்திலும் பாஸ் ஆனால்தான் கிடைக்கும் என்று டியாப் தீர்ப்பு சொல்லவில்லை.

உதவி நாய் விஷயத்தில் இன்ஷூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் பிடிப்பார்கள். ஒன்று, மாற்றுச் சிகிச்சை. "மாத்திரையும் கவுன்சலிங்கும் இருக்கிறதே?" என்பார்கள். இதுவரை என்னென்ன செய்தீர்கள், எத்தனை மாதம், எதில் நின்றுபோனது என்ற கணக்கு உங்களிடம் இருந்தால் இதற்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது, ஆராய்ச்சிச் சான்று.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை 2021இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. பிடிஎஸ்டி உள்ள 181 முன்னாள் படைவீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற உதவி நாயும், மறுபிரிவுக்கு ஒழுங்காகப் பழக்கிய ஆறுதல் நாயும் கொடுத்தார்கள். அன்றாட இயக்கத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிடிஎஸ்டி அறிகுறிகளிலும் தற்கொலை எண்ணங்களிலும் உதவி நாய் பெற்றவர்களின் நிலை மேலாக இருந்தது.

2024இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் 156 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. வழக்கமான சிகிச்சையோடு உதவி நாயும் பெற்றவர்களை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்தில், நாய் பெற்றவர்களிடம் பிடிஎஸ்டி இன்னும் இருப்பதாக மதிப்பீட்டாளர் முடிவு செய்யும் வாய்ப்பு விகிதம் 66 சதவீதம் குறைவாக இருந்தது. இதில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கவில்லை என்பதை எதிர்த்தரப்பு நிச்சயம் சுட்டிக்காட்டும். இரண்டுமே படைத்துறை ஆட்களைப் பற்றியவை என்றும் சொல்லும். அதை நாமே முதலில் ஒத்துக்கொண்டு, "என் நோயாளியிடம் நான் கண்டது இது" என்று டாக்டர் எழுதுவது நல்லது. பொதுவான ஆய்வைவிட உங்களைப் பற்றிய சான்றுக்குத்தான் எடை அதிகம்.

டாக்டர் ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

இங்கேதான் பல விண்ணப்பங்கள் கவிழ்கின்றன. "இவருக்கு உதவி நாய் நன்மை தரும் என்று பரிந்துரைக்கிறேன்" என்று ஒரு வரியில் ஜிபி (குடும்ப டாக்டர்) எழுதிக் கொடுத்த கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடு எழுதியவைதான். ஆனால் இன்ஷூரன்ஸ் அதிகாரியின் கையில் அதற்குப் பலம் இல்லை. நாய் யாருக்குத்தான் நன்மை தராது?

சைக்கியாட்ரிஸ்டோ சைக்காலஜிஸ்டோ எழுதினால் நல்லது. அறிகுறி, அதனால் வாழ்க்கையில் எது நின்றுபோனது, நாய் அதற்கு என்ன செய்யும் என்ற மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்த ரயில் ஓட்டுநரின் இரண்டாவது ரிப்போர்ட் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: வாரத்தில் ஐந்து இரவு கெட்ட கனவு, எழுந்தபின் தூக்கம் இல்லை, பகலில் சிகிச்சை வகுப்புக்கு வரும் சக்தி இல்லை, கனவின் தொடக்க அசைவிலேயே எழுப்ப நாய்க்குப் பயிற்சி தரப்படும். ஸ்டேஷன் பக்கம் போக முடியாததால் கடை, வங்கி, மகளின் பள்ளி எல்லாம் நின்றுவிட்டன. படிப்படியாக வெளியே போகும் சிகிச்சையில் நாய் கூடவே இருக்கும். பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் எக்ஸ்போஷர் தெரபி தொடரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுகோல் வைத்து மதிப்பிடப்படும்.

முதல் ரிப்போர்ட்டுக்கு மறுப்பு வந்தது. இரண்டாவதற்கு ஒப்புதல் வந்தது. நாயும் ஆளும் அதே. மாறியது எழுத்து மட்டும்தான்.

நோயின் பெயரும் சரியாக இருக்க வேண்டும். "ஸ்ட்ரெஸ்" என்று எழுதினால் போதாது. ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட காயத்தோடு நாயைக் கோர்க்க வேண்டும். க்ளெய்மே இன்னும் ஏற்கப்படவில்லை என்றால் முதல் வேலை அதுதான். மேலதிகாரி நியாயமான முறையில் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை, இடமாற்றம் போன்றவற்றால் வந்த மனக்காயத்துக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கு இரண்டு சட்டத்திலும் உண்டு. மத்திய சட்டத்தில் அது பிரிவு 5ஏ, நியூ சவுத் வேல்ஸில் 11ஏ. 2023 டிசம்பரிலிருந்து மத்திய சட்டத்தின் கீழ் வரும் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், எல்லைப்படைப் பணியாளர் போன்றோருக்கு பிடிஎஸ்டி வேலையால் வந்தது என்றே தொடக்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படி எளிது.

டாக்டரிடம் தமிழில்தான் மனம் திறக்க வருகிறது என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான டிஐஎஸ் நேஷனலின் எண் 131 450. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாவின் இரவுக் கனவை பதினான்கு வயது மகள் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, மகள் முன்னால் நீங்கள் பாதியை விழுங்கிவிடுவீர்கள், ரிப்போர்ட்டும் பாதிதான் வரும்.

என்னிடம் ஏற்கெனவே நாய் இருக்கிறது. அதையே பயிற்றலாமா?

சில பயிற்சி நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். நாயின் வயது, உடல்நிலை, குணம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பயந்த சுபாவம் உள்ள நாயை ஆசைக்காகப் பொது இடத்துக்கு இழுத்துப்போவது அதற்கும் கொடுமை. பொது இட நடத்தைத் தேர்வில் தேற வேண்டும். இணையத்தில் பணம் கட்டினால் வருகிற அட்டையும் மேலங்கியும் எதற்கும் உதவாது.

இன்னொன்று, ஒப்புதலுக்கு முன்னால் பணம் கட்டிவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் சில விலக்குகள் தவிர, முன் அனுமதி இல்லாமல் செய்த சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டியதில்லை.

எவ்வளவு செலவாகும்? எதையெல்லாம் கேட்கலாம்?

முழுப் பயிற்சி பெற்ற நாய் பல பத்தாயிரம் டாலர் ஆகும். குட்டியிலிருந்து வேலைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்து, ஆஸ்பத்திரியில் தங்கும் செலவோடு ஒப்பிட்டு டாக்டரோ பயிற்சி நிறுவனமோ எழுதித் தரட்டும்.

நாயை மட்டும் கேட்டுவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கான பயிற்சி, வருடாந்திர மறுபரிசோதனை, கால்நடை மருத்துவர், தடுப்பூசி, உணவு, கழுத்துப்பட்டை என்று எல்லாவற்றையும் முதல் விண்ணப்பத்திலேயே வரிவரியாக எழுதுங்கள். உணவை மறுத்துவிட்டு மற்றதைத் தரலாம். கேட்காததை யாரும் தரமாட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிவு 59ஏ மருத்துவச் செலவுக்குக் காலவரம்பு வைக்கிறது. நிரந்தர பாதிப்பு 10 சதவீதம் வரை என்றால் வாராந்திரப் பணம் நின்றபின் 2 வருடம், 11 முதல் 20 வரை 5 வருடம், 20க்கு மேல் வரம்பில்லை. செயற்கை உதவிகளுக்கு இந்த வரம்பு கிடையாது. அதனால் நாய் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்பதைப் பொறுத்து எட்டு வருடப் பராமரிப்பு நிற்கும், அல்லது விழும். போலீஸ், தீயணைப்பாளர், பாராமெடிக் ஆகியோருக்கு இந்த வரம்பு பொருந்தாது. 2025 முதல் இந்த மாநிலத்தில் மனக்காய விதிகள் மாறி வருகின்றன. உங்கள் காயத் தேதிக்கு எந்த விதி என்று வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மறுத்துவிட்டார்கள். அடுத்தது?

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நியூ சவுத் வேல்ஸில் மருத்துவச் செலவு கோரிக்கைக்கு 21 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தோடு பிரிவு 78 அறிவிப்பு தர வேண்டும். மறுபரிசீலனை கேட்கலாம், அப்புறம் தனிநபர் காயங்கள் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். சுயாதீன மறுஆய்வு அலுவலகம் அங்கீகரித்த வக்கீலுக்கு அதுவே பணம் கொடுக்கும். இது தெரியாமலே பலர் பின்வாங்குவது எனக்கு ரொம்ப வருத்தம்.

காம்கேர் என்றால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை, அதன் பிறகு 60 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் பதிலாக 2024 அக்டோபர் 14இல் வந்தது இது.

காத்திருக்கும் நாட்கள் கனமானவை. மனம் இருண்டால் மன நெருக்கடிக்கான தொலைபேசி உதவி லைஃப்லைன் 13 11 14, எந்த நேரமும் அழைக்கலாம்.

ராணுவத்தில் இருந்தவர்? என்டிஐஎஸில் இருப்பவர்?

ஆஸ்திரேலியாவின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறைக்கு பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கான தனி உதவி நாய்த் திட்டம் உண்டு. லா ட்ரோப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சோதனையும் நடந்திருக்கிறது. ஊனமுற்றோருக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டமான என்டிஐஎஸும் உதவி விலங்குகளுக்குப் பணம் தருகிறது, ஆனால் இழப்பீட்டுத் திட்டம் கொடுக்க வேண்டியதை அது ஏற்காது.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எனக்கு அதிகம் வரும் கேள்வி. அந்த ரயில் ஓட்டுநரின் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து போனில், "நாயை ஏன் பிள்ளை அறைக்குள்ள விடுறாய்? சாமிப்படம் இருக்கிற வீடெல்லோ?" என்று சண்டை பிடித்தார். மகன் என்ன விளக்கியும் எடுபடவில்லை. ஒருநாள் மருமகள், "மாமி, இவர் இப்ப ராவில கத்துறதில்லை" என்றார். அதற்குப் பிறகு நாய் சாப்பிட்டதா என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

பூசை அறை வாசலில் நிற்க நாய்க்குப் பழக்கலாம், ஒரு நாள் வேலைதான். கோயிலுக்குப் போவதென்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டிப் பேசி, கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். யூனிட்டில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான நியூ சவுத் வேல்ஸின் 2015 ஸ்ட்ராட்டா சட்டம், பிரிவு 139இன்படி உதவி விலங்கைத் தடுக்கும் குடியிருப்பு விதி செல்லாது. ஆதாரம் கேட்கலாம், கொடுத்துவிடுங்கள். பஸ், ரயிலுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் உதவி விலங்கு அனுமதி உண்டு.

எல்லோருக்கும் இது சரிவருமா?

இல்லை. காலையில் எழவே முடியாத நிலையில் இருப்பவருக்கு நடை, உணவு, பயிற்சி எல்லாம் இன்னொரு சுமை ஆகலாம். கடைக்குப் போனால் எல்லோரும் நாயைப் பார்ப்பார்கள், குழந்தைகள் ஓடி வருவார்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்க விரும்புபவருக்கு இது கடினம். அப்படி இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னதற்காக வேறு சிகிச்சை நின்றுவிடாது.

வேலைக்குத் திரும்பும்போது நாயைக் கூட்டிப் போகலாமா?

பாகுபாடு தடைச் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். ஆபரேஷன் தியேட்டர், உணவு தயாரிக்கும் தளம் போன்ற இடங்களில் சிக்கல் வரும். அதனால் திரும்பும் திட்டத்திலேயே நாய் எங்கே படுக்கும், யார் தொடக்கூடாது, இடைவேளை எப்போது என்று எழுதிவிடுங்கள். முதல் நாளுக்கு முன் சக ஊழியர்களுக்கு ஒரே ஒரு வரி போதும்: மேலங்கி போட்டிருக்கும்போது நாய் வேலையில் இருக்கிறது, அழைக்காதீர்கள். உங்கள் நோயைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நாய்க்கு வயதாகிவிட்டால்?

எட்டு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலான நாய்கள் ஓய்வு பெறும். காத்திருப்புப் பட்டியல் நீளமானது, அதனால் ஒன்றரை வருடத்துக்கு முன்பே அடுத்த நாய்க்கான ரிப்போர்ட்டைத் தொடங்குங்கள். அதில் முதல் நாய் வந்தபின் என்ன மாறியது என்று டாக்டர் எழுதட்டும்: எத்தனை இரவுத் தூக்கம், எத்தனை மாத்திரை குறைந்தது, எங்கெல்லாம் போக முடிந்தது. ஓய்வு பெற்ற நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பயிற்சி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் பாருங்கள். பல நிறுவனங்கள் சம்மதிக்கும். அந்த நாயின் சாப்பாட்டுச் செலவு அப்போது உங்களுடையது.